சென்னைல சினிமா பீட் ரிப்போர்ட்டர் வேலை வந்திருக்கு, சேரலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

நெல்லைப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விஸ்காம் முடிச்சிட்டு இப்ப திருநெல்வேலில ஒரு சேனலோட மாவட்ட நிருபர் கிட்ட உதவியா இருக்கேன். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம், பாபநாசம் அணையில தண்ணி தொறக்குறது, கோயில் கொடை, ரோடு விபத்து எல்லாத்துக்கும் போயிருக்கேன், ஸ்க்ரிப்ட் எழுதி வாய்ஸ் ஓவரும் குடுத்திருக்கேன். இப்ப சென்னைல ஒரு நியூஸ் சேனல்ல கூப்பிட்டிருக்காங்க, ஆனா அவங்க குடுக்குறது சினிமா பீட், அதாவது சினிமா செய்தி மட்டும் பாக்குற வேலை.

எனக்கு சினிமா ரொம்ப பிடிக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா வீட்ல அப்பா, நடிகர் வீட்டு வாசல்ல மைக்க நீட்டிட்டு நிக்கவா உன்ன படிக்க வச்சேன்னு கேக்காங்க. இங்க என் சீனியர் அண்ணன், ஒருதடவ சினிமா ரிப்போர்ட்டர்னு முத்திரை விழுந்துட்டா அப்புறம் அரசியலுக்கோ கோர்ட்டுக்கோ மாத்த மாட்டாங்கன்னு சொல்லுதாங்க. பிரஸ் மீட்ல பணம் வச்ச கவர் குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டேன், அது வாங்கலன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்களா? ராத்திரி ஃபங்ஷன் எல்லாம் முடிஞ்சு தனியா ரூமுக்கு போகணுமே அதுவும் ஒரு பயம். இந்த வேலைல நெஜமா என்ன பண்ணணும், இதுல நல்ல ஜர்னலிசம் பண்ண முடியுமா? உள்ள இருக்கறவங்க மறைக்காம சொல்லுங்க ப்ளீஸ், இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும் அவங்களுக்கு.


வடபழனி_நிருபர்:

தங்கச்சி வாழ்த்துகள். நான் இந்த பீட்ல ரொம்ப வருஷமா இருக்கேன், பிடிச்சுத்தான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

முதல்ல வேலை என்னன்னு சொல்லிடறேன். காலைல அசைன்மென்ட் டெஸ்க் (ஆபீஸ்ல நிருபர்களுக்கு வேலை பிரிச்சு குடுக்குறவங்க) இன்னைக்கு என்ன இருக்குன்னு கேக்குறதுக்குள்ள பிஆர்ஓங்க, அதாவது படத்துக்கு விளம்பரம் பாக்குற மக்கள் தொடர்பு ஆளுங்க, வாட்ஸ்அப் குரூப்ல அன்னைக்கு லிஸ்ட் வந்துரும். சாலிகிராமம் பிரசாத் லேப், வடபழனி கமலா, ராயப்பேட்டை சத்யம், பெரிய ஹீரோன்னா நேரு உள்விளையாட்டு அரங்கம், சங்கத்துல சண்டைன்னா தி.நகர் இல்லன்னா அண்ணா சாலை பிலிம் சேம்பர், வாரம் பூரா இதுக்குள்ளயே தான் சுத்துவீங்க. ஆறு மணி ஃபங்ஷன்னு போட்டிருப்பாங்க, ஹீரோ எட்டு மணிக்கு தான் வருவாரு, உங்க சேனலுக்கு ஒம்பது மணி புல்லட்டின்ல விஷுவல் வேணும், அப்ப நீங்க அங்கயே ஒரு மூலைல உக்காந்து போன்ல ஸ்க்ரிப்ட் அடிச்சு, வாய்ஸ அங்கயே ரெக்கார்ட் பண்ணி அனுப்பிட்டு, ஹீரோ வெளிய வரும்போது பைட் (கேமரால அவர் பேசுற ரெண்டு வார்த்தை) எடுக்க ஓடணும். மாவட்டத்துல இருந்து வர்ற உங்களுக்கு இந்த வேகம் புதுசா இருக்காது. கூட்டம் தான் புதுசு, ஒரு நடிகர் முன்னாடி நாப்பது அம்பது மைக் நிக்கும், அதுல பாதி யூடியூப் சேனல்.

பட ரிலீஸ் அன்னைக்கு தியேட்டர் வாசல். 2023 ஜனவரில ரெண்டு பெரிய படம் ஒரே நாள்ல வந்தப்ப கோயம்பேடு பக்கம் ஓடுற லாரி மேல ஏறி ஆடின ஒரு ரசிகர் பையன் விழுந்து இறந்துட்டான், அதுக்கப்புறம் இங்க விடியக்காலை காட்சிக்கு அனுமதி குடுக்குறதில்ல, ஒம்பது மணிக்கு தான் முதல் காட்சி. ஆனா கேரளாவுலயும் கர்நாடகாவுலயும் அதுக்கு முன்னாடியே ஓட்டிருவாங்க. அதனால இங்க கதவு தொறக்குறதுக்குள்ள பாலக்காட்டுல இருந்து படம் எப்படின்னு போன் வந்துரும், டெஸ்க் அதை வச்சு ஏதாவது போடலாமான்னு கேக்கும். நீங்க படத்தை பாக்காம சொல்லாதீங்க. இத நான் எல்லா புது பசங்களுக்கும் சொல்றேன், சிலபேர் கேக்குறாங்க சிலபேர் கேக்குறதில்ல.

இப்ப கவர். ஆமா இருக்கு. எல்லாரும் குடுக்குறதில்ல, எல்லாரும் வாங்குறதும் இல்ல. போக்குவரத்து செலவுக்குன்னு சொல்லித்தான் குடுப்பாங்க. முதல் தடவை நீட்டும்போதே "வேணாம் சார், ஆபீஸ்ல வண்டி குடுக்குறாங்க"ன்னு சிரிச்ச முகமா சொல்லிருங்க, ரெண்டு மூணு தடவை சொன்னா அப்புறம் உங்க பக்கம் நீட்டவே மாட்டாங்க, கூப்பிடறதும் நிக்காது. ஏன் நிக்காதுன்னா அவங்களுக்கு வேணுங்கிறது உங்க சேனல் லோகோ போட்ட மைக் அந்த மேசைல இருக்கணும், அவ்வளவுதான். வாங்காததால இன்விடேஷன் நின்னு போன யாரையும் நான் பாத்ததில்ல. வாங்கினவங்க கைய கட்டிட்டு நின்னத நிறைய பாத்திருக்கேன். தயாரிப்பாளர் தொழிலாளிக்கு சம்பள பாக்கி வச்சிருக்காருன்னு தெரியும், தெரிஞ்சும் கேக்க வாய் வராது.

பிஆர்ஓக்கள எதிரியா நினைக்காதீங்க. அவங்க வேலைய அவங்க பண்றாங்க, நல்லவங்க நிறைய பேர் இருக்காங்க, ராத்திரி பன்னண்டு மணிக்கு போன் பண்ணாலும் எடுப்பாங்க. ஆனா உங்க சோர்ஸ் அவங்க மட்டும்னா நீங்க நிருபர் இல்ல, அவங்க அனுப்புற மெசேஜை படிக்கிறவங்க. தியேட்டர் ஓனர், விநியோகஸ்தர், சங்க ஆபீஸ்ல இருக்கற மேனேஜர், மேக்கப் யூனியன், லைட்மேன் யூனியன், கேரவன் ஓட்டுற டிரைவர், இவங்க நம்பர் உங்க போன்ல இருக்கணும். ஒரு படம் ஏன் திடீர்னு வெள்ளிக்கிழமை வரல, யாரு பைனான்ஸ்ல மாட்டிருக்காங்க, இதெல்லாம் அவங்களுக்கு தான் முதல்ல தெரியும்.

கடைசியா ஒண்ணு, இதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த பீட்லயே பெரிய விஷயம். சாவு செய்தி. 2020ல எஸ்.பி.பி சார் ஆகஸ்ட் 5ம் தேதி அமைந்தகரை எம்ஜிஎம்ல சேர்ந்தாரு, செப்டம்பர் 25 மதியம் இறந்தாரு. நடுவுல இருந்த அந்த நாள் பூரா அவர் பையன் சரண் வீடியோ போட்டு அப்பா எப்படி இருக்காருன்னு சொல்லிட்டே இருந்தாரு. அப்படி குடும்பமே பேசிட்டு இருக்கும்போதே கொரோனா நெகட்டிவ் வந்துருச்சுன்னு ஒரு நாள் செய்தி ஓடுச்சு, சரண் வந்து அப்படி இல்லன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. நல்ல செய்தியா இருந்தாலும் தப்பு தப்பு தானே. 24ம் தேதி சாயங்காலம் ரொம்ப கவலைக்கிடம்னு ஆஸ்பத்திரி அறிக்கை வந்ததுக்கு அப்புறம் அந்த ராத்திரி முழுக்க ஃபார்வேர்ட் மெசேஜா வந்துச்சு, போன் மேல போன். அந்த மாதிரி ராத்திரில டெஸ்க்ல இருந்து "மத்த சேனல்ல போட்டுட்டாங்க நாம எப்ப"ன்னு கேப்பாங்க. டாக்டரோ குடும்பமோ சொல்லாம என் பேர்ல போகாதுன்னு சொல்ற தைரியம் இருந்தா இந்த பீட்டுக்கு வாங்க. அரசியல் பீட்டுலயும் இதே தான், 2016 டிசம்பர் 5ம் தேதி சாயங்காலம் முதலமைச்சர் ஜெயலலிதா இறந்துட்டாங்கன்னு சில சேனல்ல போட்டு, கட்சி ஆபீஸ்ல கொடிய கூட இறக்கி, அப்புறம் அப்போலோ மறுத்து, திரும்ப கொடி ஏறி, கடைசில ராத்திரி 11.30க்கு இறந்ததா அறிவிச்சாங்க. இதுல எது சின்ன பீட் எது பெரிய பீட்டுன்னு உங்க அண்ணன் கிட்ட கேளுங்க.


தோள்ல_கேமரா:

நிருபர் அண்ணன் சொன்னதுல சாவு வீட்டு விஷயத்துல நான் கொஞ்சம் சேத்துக்கறேன் ஏன்னா அங்க கேமராவோட நிக்கிறது நாங்க. ரிப்போர்ட்டர் பாத்துட்டு நகந்து போய் போன் பேசலாம், நாங்க ஃப்ரேம் விட்டு கண்ண எடுக்க முடியாது, அழுகுற முகத்தை குளோசப்ல பாத்துட்டே நிக்கணும்.

விவேக் சார் இறந்தப்ப 2021 ஏப்ரல் 17, விடியக்காலைல செய்தி வந்துச்சு, வடபழனி ஆஸ்பத்திரி வாசல்ல முந்துன நாள்ல இருந்து எல்லா சேனலும் நின்னோம். 15ம் தேதி ஓமந்தூரார்ல தடுப்பூசி போட்டுக்கிட்டு மக்களும் போட்டுக்கங்கன்னு சொன்ன மனுஷன், மறுநாள் மாரடைப்பு. அன்னைக்கே சுகாதாரத்துறைல இருந்தும் டாக்டர்களும் சேந்து பிரஸ் மீட் வச்சு ரத்தக்குழாய்ல 100 சதவீதம் அடைப்பு, தடுப்பூசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு தெளிவா சொன்னாங்க. அப்படியும் வாசல்ல நின்ன சிலபேர் பைட் கேக்கும்போதே "ஊசியால தானே சார்"னு கேட்டாங்க, அது கட் ஆகி வாட்ஸ்அப்ல சுத்தி, எங்க ஊர்ல எங்க அம்மாவே ஊசி வேணாம்னுட்டாங்க. அப்புறம் மத்திய அரசு கமிட்டி விசாரிச்சு தடுப்பூசி காரணம் இல்லன்னு சொல்றதுக்கு அக்டோபர் ஆயிருச்சு, அது எத்தனை பேர் காதுல விழுந்துச்சு? சினிமா செய்தி தானேன்னு நினைக்காதீங்க தங்கச்சி, ஒரு கேள்வி ஊர் உலகம் பூரா போய் சேரும்.

சாவு வீட்டுக்கு போனா ரெண்டு விஷயம் சொல்லுவேன். ஒண்ணு, வீட்டுக்குள்ள போய் அழுகுற பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி மைக்க நீட்டாதீங்க, யாரு கேட்டாலும். வெளிய வர்றவங்க கிட்ட நின்னு பேசிக்கலாம், அவங்களே ரெண்டு வார்த்தை சொல்லிட்டு தான் போவாங்க. ரெண்டாவது, உங்க கேமராமேன் கிட்ட முன்னாடியே பேசிருங்க எதை எடுக்குறோம் எதை எடுக்கலன்னு. நிறைய இடத்துல ரிப்போர்ட்டர் ஒரு பக்கம் கேமரா ஒரு பக்கம் இழுக்கும், டெஸ்க் போன்ல ஒரு பக்கம் இழுக்கும். எஸ்பிபி சாரை தாமரைப்பாக்கத்துல அடக்கம் பண்ணப்ப கொரோனா நேரம், கூட்டம் வேற, அங்க போலீஸ் எங்கள ஒரு இடத்துல நிக்க சொன்னாங்க, நின்னோம், அங்க இருந்தே எல்லா விஷுவலும் நல்லா தான் வந்துச்சு. உள்ள போனா தான் வரும்ங்கிறது பழக்கம், தேவை இல்ல.

பொதுவா சொல்றேன், கேமராமேன் கூட சண்டை போடாத ரிப்போர்ட்டருக்கு எப்பவும் நல்ல விஷுவல் வரும். சாப்பிட்டீங்களான்னு கேளுங்க போதும் அவங்க உங்களுக்கு உயிரையே குடுப்பாங்க.


மைக்_பிடிச்சவ:

பொண்ணுங்கிறதால நான் எழுதுறேன் மா, அண்ணன்மாருக்கு இது தெரியாதுன்னு இல்ல, ஆனா அவங்க நிக்கிற இடம் வேற.

ராத்திரி வண்டி விஷயம். சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க, எட்டு மணிக்கு மேல ட்ராப் உண்டான்னு, உண்டுன்னு வாய்ல சொன்னா பத்தாது ஆஃபர் மெயில்ல எழுதி குடுக்க சொல்லுங்க. அலுவலகத்துல பாலியல் தொல்லை புகார் கமிட்டி இருக்கா, அதுல யாரு இருக்காங்கன்னும் கேளுங்க, 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எந்த இடத்துலயும் இருக்கணும். இத கேட்டா நம்மள வம்புக்காரின்னு நினைப்பாங்களோன்னு யோசிக்காதீங்க. கேட்டதும் முகம் சுளிக்கிற இடம்னா அந்த இடம் எப்படின்னு உங்களுக்கு அங்கயே தெரிஞ்சுரும்.

அடுத்தது கேள்வி. இந்த பீட்ல ஆம்பளை நடிகர் கிட்ட கதை, டைரக்டர், அடுத்த படம், அரசியலுக்கு வருவீங்களான்னு கேப்பாங்க. நடிகை கிட்ட கல்யாணம் எப்ப, உடம்பு ஏன் போட்டுருச்சு, அந்த டிரெஸ் ஏன். 2025 நவம்பர்ல சென்னைல ஒரு பட பிரஸ் மீட்ல நடிகை கௌரி கிஷனோட எடை பத்தி ஒரு யூடியூப் சேனல்காரர் கேட்டிருந்த கேள்விக்கு அந்தப் பொண்ணு நேருக்கு நேர் இது உடல் கேலின்னு சொல்லுச்சு, சுத்தி இருந்தவங்க குரல் உசத்தினாங்க, அந்த மேடைல கூட உக்காந்திருந்தவங்க கூட பேசல. அப்புறம் சென்னை பிரஸ் கிளப்பும் நடிகர் சங்கமும் கண்டிச்சு அறிக்கை விட்டாங்க. எனக்கு அத பாக்கும்போது கோவம் வந்தது அந்த ஒருத்தர் மேல மட்டும் இல்ல. அந்த மாதிரி கேள்விக்கு வருஷக்கணக்கா எல்லா மைக்கும் ரெக்கார்ட் ஆயிட்டு தான இருந்துச்சு, பெரிய சேனல் மைக்கும் சேத்து தான் சொல்றேன். நீங்க அங்க நின்னா கேக்க வேண்டியது அவங்க வேலைய பத்தி. கேரக்டர் எப்படி தயார் பண்ணீங்க, சம்பளம் சரியா வந்துச்சா, செட்டுல டாய்லெட் இருந்துச்சா. கடைசில சொன்னது சின்ன கேள்வி மாதிரி தெரியும், ஆனா மலையாள சினிமால பொண்ணுங்க நிலைமைய விசாரிச்ச ஹேமா கமிட்டி அறிக்கைல அதுவும் ஒரு முக்கியமான விஷயமா வந்துச்சு.

நல்ல ஜர்னலிசம் பண்ண முடியுமான்னு கேட்டீங்கல்ல, அந்த அறிக்கையவே எடுத்துக்கங்க. 2017ல கேரளாவுல ஒரு நடிகைய கடத்தி தாக்கின சம்பவத்துக்கு அப்புறம் போட்ட கமிட்டி. 2019 டிசம்பர்ல அறிக்கை குடுத்தாச்சு, ஆனா 2024 ஆகஸ்ட் 19 வரைக்கும் வெளிய விடல. நடுவுல நிருபர்கள் தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு, மறுத்தப்ப விடாம மேல்முறையீடு பண்ணி, கேரள தகவல் ஆணையம் உத்தரவு போட்டு, அப்புறம் தான் வந்துச்சு. அது எந்த பீட்? சினிமா பீட். அது வந்ததுக்கு அப்புறம் தான் இங்க நம்ம ஹீரோக்கள் கிட்டயும் நம்மாளுங்க போய் கேட்டாங்க, நிறைய பேருக்கு பதில் இல்ல, சிலபேர் கேட்ட நிருபர் கிட்டயே கோவப்பட்டாங்க. அந்த கேள்விய கேக்கறதுக்கு அந்த எடத்துல ஒரு ஆள் வேணும்ல மா, அது நீங்களா ஏன் இருக்கக் கூடாது.

ஒரு தனிப்பட்ட விஷயமும் சொல்றேன். நான் வேலை பாத்த ஒரு சேனல்ல என்னை பேட்டிக்கு அனுப்பும்போது டிரெஸ் பத்தி சொல்லித்தான் அனுப்புவாங்க, கேள்வி பத்தி சொல்ல மாட்டாங்க. அங்க இருந்து விலகிட்டேன், இப்ப வேற எடத்துல நிம்மதியா இருக்கேன், அதே பீட் தான். பீட்டு மேல தப்பு இல்லங்கறதுக்கு இத சொன்னேன்.


இரவுடெஸ்க்:

நான் அவுட்புட்ல, அதாவது எந்த செய்தி எப்படி திரைல போகணும்னு பாக்குற டெஸ்க்ல இருக்கேன், நிருபருங்க எல்லாம் டெஸ்க் தான் வில்லன்னு எழுதிருக்கீங்க, இருக்கட்டும், உங்க கோவம் நியாயம் தான். ஆனா டெஸ்க்ல இருந்து பாத்தா என்ன தெரியும்னு சொல்றேன் தங்கச்சிக்கு உதவும்.

நாலு டிவி எதிர்ல ஓடும், எல்லாம் போட்டி சேனல். ஒருத்தன் சிவப்பு பட்டைல ஒரு வரி போட்டான்னா மேல இருந்து உடனே போன் வரும். வியாழக்கிழமை ரேட்டிங் வரும், அன்னைக்கு கணக்கு கேப்பாங்க. 2020 அக்டோபர்ல ரேட்டிங் மோசடி வழக்கு வந்ததும் நியூஸ் சேனலுக்கு மட்டும் ரேட்டிங்க நிறுத்தி வச்சாங்க, 2022 மார்ச்ல தான் திரும்ப வந்துச்சு. அந்த காலத்துல எங்க டெஸ்க்ல சத்தம் குறைஞ்சு தான் இருந்துச்சு. ஆனா அப்பவும் யூடியூப் வியூஸ் இருந்துச்சே, அதனால முழுசா மாறல.

இந்த அவசரம் எங்க கொண்டு போய் விடும்னு ஸ்ரீதேவி செய்திய பாருங்க. 2018 பிப்ரவரி 24 துபாய்ல இறந்தாங்க. முதல்ல மாரடைப்புன்னு வந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு குளியல் தொட்டில தவறி மூழ்கினதா துபாய் போலீஸ் சொன்னாங்க, 27ம் தேதி வழக்கையே முடிச்சுட்டாங்க. அந்த இடைவெளில நாட்டுல சில சேனல்ல தொட்டிய கிராபிக்ஸ்ல வரைஞ்சு அவங்க படத்தை அதுல மிதக்க விட்டாங்க, ஒரு நிருபரே தொட்டிக்குள்ள படுத்து காமிச்சாரு. நம்ம ஊரு மீனம்பட்டி பொண்ணு, நாலு வயசுல இருந்து நடிச்சவங்க. அவங்க வீட்ல ரெண்டு பொண்ணுங்க இத பாத்திருப்பாங்கல்ல?

2020 ஜூன்ல மும்பைல இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தப்ப அடுத்த கட்டம். விசாரணை முடியறதுக்குள்ள ஒரு பொண்ண கொலைகாரின்னு மாசக்கணக்கா டிவில தீர்ப்பு எழுதினாங்க. 2021 ஜனவரி 18ல மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்புல ரொம்ப தெளிவா சொல்லிருக்காங்க, விசாரணை நடக்கும்போது டிவில நடத்துற விசாரணை நீதிக்கு இடைஞ்சல்னு. தற்கொலை செய்தில பிரஸ் கவுன்சில் நெறிமுறைய டிவியும் பின்பற்றணும்னும் சொன்னாங்க. அதாவது எப்படி செஞ்சாங்கன்னு விவரிக்கக் கூடாது, காரணம் இதுதான்னு ஒத்த வரில சொல்லக் கூடாது, கடிதத்தை காட்டக் கூடாது, உதவி எண் போடணும், நம்ம மாநிலத்துல 104. சினிமா பீட்ல இது அடிக்கடி வரும் தங்கச்சி, சின்னத்திரை பொண்ணுங்க செய்தி வரும்போதெல்லாம் வரும். ஸ்பாட்ல இருந்து நீங்க அனுப்பலன்னா என் டெஸ்க்ல போட எதுவும் இருக்காது. நிருபர் கைல தான் முதல் பூட்டு இருக்கு.

அப்புறம் சட்டம்னா இன்னொண்ணு படிச்சு வச்சுக்கங்க, 1994ல நக்கீரன் பத்திரிகை வழக்கு, தூக்கு தண்டனை கைதி ஆட்டோ சங்கர் எழுதின சுயசரிதைய போடறது சம்பந்தமா உச்ச நீதிமன்றம் போய் வந்த தீர்ப்பு. கோர்ட் ஆவணம் மாதிரி பொது ஆவணத்துல இருக்கறத யாரு அனுமதியும் இல்லாம போடலாம், அது தாண்டி ஒருத்தரோட குடும்பம், கல்யாணம், குழந்தை பத்தி அனுமதி இல்லாம போட்டா அந்தரங்க உரிமை மீறல்னு சொல்லுது. ஒரு நடிகர் விவாகரத்துக்கு மனு போட்டாருன்னா மனு போட்டது செய்தி. பெட்ரூம் செய்தி இல்ல.

இன்னும் ஒண்ணு யாரும் சொல்லல, ட்ரெய்லர் பாட்டு கிளிப் எல்லாம் பிஆர்ஓ குடுத்த லிங்க்ல இருந்து எடுங்க, தானா யூடியூப்ல இருந்து இறக்காதீங்க. சேனலோட யூடியூப்ல காப்பிரைட் ஸ்ட்ரைக் 90 நாள்ல மூணு வந்தா சேனலே போயிரும், அந்த ராத்திரி உங்க பேரு தான் எல்லார் வாய்லயும் இருக்கும்.


பழைய_பத்திரிகைக்காரன்:

அம்மா, உங்க அப்பா கேட்டது எனக்கு புரியுது, எனக்கும் பொண்ணு இருக்கு. நான் டிவி ஆள் இல்ல, வாரப்பத்திரிகைல சினிமா எழுதி ஓய்வு பெற்றவன்.

இந்த தொழிலுக்கு கெட்ட பேரு இன்னைக்கு நேத்து வந்ததில்ல. 1940கள்ல லட்சுமிகாந்தன்னு ஒருத்தர் சினிமா தூது, இந்து நேசன்னு பத்திரிகை நடத்தி நடிகர்களோட அந்தரங்கத்தை எழுதி அதுலயே பிழைச்சாரு. 1944 நவம்பர்ல வேப்பேரில கத்தியால குத்தப்பட்டு மறுநாள் இறந்தாரு. அந்த வழக்குல எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்கு போனாங்க, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947ல விடுதலை ஆகி வந்தாங்க. வந்தப்ப பாகவதருக்கு பழைய மவுசு திரும்பவே இல்ல. ஒரு உயிர் போச்சு, ரெண்டு கலைஞர்களோட வாழ்க்கைல வருஷங்கள் போச்சு.

ஆனா அதே கோடம்பாக்கத்துல தான் ஃபிலிம் நியூஸ் ஆனந்தனும் இருந்தாரு. 1958ல நாடோடி மன்னன் படத்துக்கு வேலை பாத்தவரு, தமிழ் சினிமால முதல் பிஆர்ஓன்னு அவரத்தான் சொல்லுவாங்க. எந்த படம் எந்த தேதி வந்துச்சு, யாரு எடுத்தா, யாரு நடிச்சான்னு வாழ்நாள் பூரா சேத்து வச்சாரு, 2016ல மறைஞ்சாரு. இன்னைக்கு தமிழ் சினிமா வரலாறு எழுதுற எவரும் அவரு சேத்து வச்சதுல இருந்து தான் ஆரம்பிக்கணும். நாங்க எல்லாம் ஒரு தகவல் சந்தேகம்னா அவர் வீட்டுக்கு தான் போவோம், தேதி தப்பா எழுதினா கூப்பிட்டு சொல்லுவாரு. நீங்க எடுக்குற ஒவ்வொரு பேட்டிலயும் தேதியும் முழு பேரும் சரியா போட்டு, டேப்ப, இப்ப ஹார்ட் டிஸ்க்கோ என்னவோ, பத்திரமா வைங்க. சேனல்காரங்க இடமில்லன்னு அழிச்சிடறாங்க, எத்தனையோ பெரியவங்க பேட்டி அப்படித்தான் போச்சு. எனக்கு அது தீராத வருத்தம்.


நெல்லைப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அப்பா கிட்ட முழுசா வாசிச்சு காமிச்சேன், பாகவதர் விஷயத்த மட்டும் ரெண்டு தடவை வாசிக்க சொன்னாங்க, அவங்க அய்யா காலத்து ஆளு. வடபழனி அண்ணா, ஒரு கேள்வி. தொழிலாளி சம்பளம், யூனியன்னு சொன்னீங்கல்ல, அந்த மாதிரி ஸ்டோரிய சினிமா பீட்ல எடுப்பாங்களா? டெஸ்க்ல இதுக்கு யாரு நேரம் குடுப்பா? அப்புறம் நான் முதல்ல எங்க இருந்து ஆரம்பிக்கணும்?


வடபழனி_நிருபர்:

எடுப்பாங்க தங்கச்சி, ஆனா தானா குடுக்க மாட்டாங்க, நீங்க தான் கொண்டு போய் வைக்கணும். 2020 பிப்ரவரி 19 ராத்திரி பூந்தமல்லி தாண்டி ஈவிபி ஃபிலிம் சிட்டில இந்தியன் 2 செட்டுல கிரேன் சாஞ்சு மூணு பேர் இறந்தாங்க. 2024 ஜூலைல இங்கயே ஒரு ஸ்டூடியோல சண்டைப் பயிற்சில உயரத்துல இருந்து விழுந்து ஒரு ஸ்டன்ட் கலைஞர் இறந்தாரு. அடுத்த வருஷம் ஜூலைல நாகப்பட்டினம் பக்கம் கார் பறக்குற காட்சில இன்னொரு ஸ்டன்ட் மாஸ்டர். ஒவ்வொரு தடவையும் அன்னைக்கு பிரேக்கிங் போட்டோம், ஹீரோ இரங்கல் ட்வீட்ட படிச்சோம். அப்புறம் அந்த குடும்பத்துக்கு சொன்ன பணம் போய் சேந்துச்சா, இன்சூரன்ஸ் எடுத்தாங்களா, செட்டுல ஆம்புலன்ஸ் நிறுத்துறாங்களான்னு திரும்ப போய் பாத்த சேனல் எத்தனை? இதுதான் உங்க ஸ்டோரி. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க வந்த பாட்டி கிட்ட பொறுமையா பேசி விஷயம் வாங்கின பழக்கம் உங்களுக்கு இருக்கு, எங்கள்ல நிறைய பேருக்கு அது இல்ல.

ஆரம்பிக்கிறது எங்கன்னா, முதல் மாசம் நடிகர் நம்பர் தேடாதீங்க. பெப்சில, அதாவது சினிமா தொழிலாளர் சங்கங்களோட கூட்டமைப்புல, இருபதுக்கு மேல சங்கம் இருக்கு, ஒவ்வொரு ஆபீஸா போய் டீ சாப்பிட்டு அறிமுகம் ஆகுங்க. 2018 மார்ச் 1ல இருந்து ஏப்ரல் நடுவு வரைக்கும் தியேட்டர்ல டிஜிட்டல்ல படம் ஓட்டறதுக்கு வாங்குற கட்டணத்த எதிர்த்து தயாரிப்பாளர்கள் புதுப்படமே விடாம நிறுத்துனாங்கல்ல, அப்ப தினக்கூலிக்கு வேலை பாக்கறவங்க என்ன ஆனாங்கன்னு அவங்க கிட்ட கேளுங்க, தமிழ் சினிமா பணம் எப்படி ஓடுதுன்னு அதுலயே பாதி புரிஞ்சிரும். டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி எவ்வளவு, நூறு ரூபாய்க்கு கீழ ஒண்ணு மேல ஒண்ணு, அது ஏன்னு தெரிஞ்சு வைங்க. 2024 டிசம்பர்ல படம் வந்து மூணு நாளைக்கு விமர்சனமே போடக்கூடாதுன்னு தயாரிப்பாளர் சங்கம் ஒண்ணு உயர் நீதிமன்றம் போச்சு, உடனே தடை போட முடியாதுன்னு கோர்ட் சொல்லிருச்சு, அந்த உத்தரவ எடுத்து படிங்க. இதெல்லாம் தெரிஞ்ச ஆளை நாளைக்கு கோர்ட் பீட்டுக்கோ தொழில் பீட்டுக்கோ மாத்த எந்த எடிட்டரும் யோசிக்க மாட்டாரு, உங்க சீனியர் அண்ணன் கவலைக்கு அதுதான் என் பதில்.

டெஸ்க்ல நேரம் கேக்கும்போது அஞ்சு நிமிஷம் கேக்காதீங்க, ஒன்றரை நிமிஷ பேக்கேஜா (வாய்ஸ், விஷுவல், பைட் எல்லாம் சேந்த முழு செய்தியா) முடிச்சு, குடும்பத்துல ஒருத்தர் பைட், சங்க செயலாளர் பைட், தயாரிப்பு தரப்பு பதில் மூணும் வச்சு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை காலைல அனுப்புங்க, அன்னைக்கு அரசியல் கம்மியா இருக்கும், கண்டிப்பா போடுவாங்க.


மைக்_பிடிச்சவ:

நிவாரணம், இன்சூரன்ஸ் ஸ்டோரி பண்ணும்போது குடும்பத்துல பொம்பளைங்க கிட்ட தனியா பேசுங்க மா, சங்கத்துக்காரங்க பக்கத்துல நின்னா அவங்க எதுவும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் ஆஃபர் மெயில் வந்ததும் பதவி என்னன்னு பாருங்க. ரிப்போர்ட்டர்னு இருக்கணும். தொகுப்பாளர், கன்டென்ட் எக்ஸிகியூட்டிவ்னு போட்டு விட்டா அரசு அங்கீகார அட்டைக்கு அப்ளை பண்ணும்போது பிரச்சினை வரும். ஹாஸ்டல் வடபழனி, சாலிகிராமம் பக்கமே பாருங்க, மெட்ரோ இருக்கு, ஃபங்ஷன் முடிஞ்சு பத்து நிமிஷத்துல ரூமுக்கு வந்துரலாம். இடம் தேடணும்னா எனக்கு தனி மெசேஜ் போடுங்க.


நெல்லைப்பொண்ணு:

அக்கா மெசேஜ் போட்டுட்டேன். இன்னைக்கு அவங்களுக்கு போன் பண்ணி வண்டி, கமிட்டி, பதவி மூணையும் கேட்டேன், மெயில்ல அனுப்புறேன்னு சொல்லிருக்காங்க. வந்ததும் இங்க சொல்லுதேன்.